ஒன்பது சிப்பி விளக்குகள்

கார்த்திகைப் பௌர்ணமியைக் காவிரிக் கரையில் கண்டு பழகிய வாசகர்கள், அதே நிலவு உலகின் வடகோடியில், கல்லாய் உறைந்த ஓர் அகழியின்மேல் எழுவதைக் காண இப்போது சற்று மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். தஞ்சையில் நாயக்க மன்னர் செங்கோல் செலுத்திய காலம் அது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்களின் தலைநகரான கோபன்ஹேகனை அவர்களுடைய பகைவரான ஸ்வீடன் தேசத்துப் படை நான்கு மாதமாக முற்றுகையிட்டிருந்தது. பகல் என்று அந்த ஊரில் பெயர்பெற்ற மங்கல் வெளிச்சம் பிற்பகலிலேயே முடிந்துவிட்டது. மேற்கே, பகைவர் பாசறை இருந்த குன்றின் பின்னால் சூரியன் உலையில் அவிந்த கரிபோல் மறைந்தது. கிழக்கே, கூம்பிய கூரைகளுக்கும் கோபுரங்களுக்கும் பின்னாலிருந்து நிலவு எழுந்து, மேற்குக் கொத்தளத்தின் நிழலை அகழியின் பனிமீது நீளமாகக் கிடத்தியது. காற்று அசையவில்லை. ரம்பங்களின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அகழி உறைந்தால் அது அகழி அல்ல, பகைவனுக்குப் போட்ட பாதை. ஆகையால் அந்நகரத்தார் ஒவ்வொரு நாளும் தெருவுக்கு ஒரு கூட்டமாக இறங்கி, பன்னிரண்டு முழ அகலத்துக்குப் பனியை அறுத்துத் தண்ணீரைத் திறந்துவைத்தார்கள். இரவில் அது மறுபடி தோல் கட்டும். மறுநாள் மறுபடி அறுப்பார்கள்.

இருவர் இழுக்கும் ரம்பம் ஒன்றின் ஒரு முனையில் நின்றவனைப் பார்த்தால் அந்த ஊரான் அல்ல என்று தெரிந்துவிடும். ஆட்டுத்தோல் அங்கிக்கு மேலே பட்டுத் தலைப்பாகை கட்டியிருந்தான். தஞ்சை மன்னரின் தானாபதியாக, அதாவது அரச தூதனாக, டச்சுக்காரரான ஒல்லாந்தர் கப்பலில் அங்கே வந்து சேர்ந்திருந்த சீராளன் அவன். பதினெட்டு ஆண்டுகளாகத் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வராமல், தரங்கம்பாடிக் கோட்டையில் இருபத்திரண்டு டேனிஷ்காரர்கள் எஞ்சிக் கிடந்தார்கள். அவர்களுக்கு அரசன் ஒருவன் இன்னும் இருக்கிறானா, இல்லையேல் கோட்டையை இடித்துவிடலாமா என்று கேட்டுவர அவன் அனுப்பப்பட்டான். பதில் ஓலை நேற்றுக் கைக்கு வந்துவிட்டது. அதை எடுத்துச் செல்லும் கப்பல், பகைவர் இன்னும் அடைக்காத கடல்வழியாக, மறுநாளுக்கு மறுநாள் புறப்படும்.

ரம்பத்தின் மறுமுனையில் தரங்கம்பாடியின் படகுத் தலைவன், தண்டல் மாசிலாமணி.

"தண்ணிய அறுக்குறோம்யா," என்றான் அவன், நாற்பதாவது தடவையாக. "ஊர்ல போயி சொன்னேன்னு வைங்க, மண்டைல எலுமிச்சம்பழம் தேச்சு உட்டுருவானுவ."

"பேச்சைக் குறைத்து இழு, தண்டல்."

"பேசாம இழுத்தா நாக்கு ஒறஞ்சு போவும்."

அப்போது கொத்தளத்துப் படிகளில் இறங்கி வந்தான் லாரிட்ஸ். நகரத்தின் பிரதான வீதிக்காரர்களைக் கொண்ட காவற்படைக்கு அவன் தலைவன். உயரமானவன், சிரித்த முகத்தான். அந்த வீதியில் அவனை வெறுக்கும் ஆள் ஒருவரும் இல்லை.

"போதும், அண்டை அயலாரே," என்றான் லாரிட்ஸ். "உங்கள் விரல்கள் விழுந்துவிட்டால் நாளை யார் அறுப்பது? வீட்டுக்குப் போங்கள்."

மாசிலாமணி ரம்பத்தை விடவில்லை. "ஐயா, இந்த எடத்துல பாருங்க. வாய் குறுகிக் கெடக்கு. அஞ்சு மொழம்கூட இருக்காது. ஒரு நாழி அறுத்தா சரியாப் போயிரும்."

சீராளன் அதை டேனிஷ் மொழியில் சொன்னான். ஓராண்டில் அவனுக்கு அந்த மொழி தட்டுத்தடுமாறி வந்திருந்தது.

"நாளைக்கு," என்றான் லாரிட்ஸ் அன்போடு, சீராளனின் தோளைத் தட்டி. "நாளைக்கு முதல் வேலை அதுதான். தங்களுக்கு இன்று ஏதோ பண்டிகை என்று கேள்விப்பட்டேனே."

சீராளனுக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்தது. அன்று திருக்கார்த்திகை. அவன் ரம்பத்தைக் கீழே வைத்தான். அந்தச் சிறிய செயலை அவன் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை.

படியேறும்போது மாசிலாமணி தமிழில் முணுமுணுத்தான். "தொர தோளப் பாத்தீங்களா? புறா எச்சம். ஊருல இருந்த புறாவெல்லாம் சட்டிக்குள்ள போயி மாசம் ரெண்டாச்சு. இவரு மேல மட்டும் எங்கேருந்து வந்து பேஞ்சுது?"

சீராளன் சிரித்தான். சிரித்துவிட்டு மறந்தான்.

மேற்கு வாயிலிலிருந்து கிழக்கு வாயில்வரை அந்நகரத்தை ஊடுருவிச் சென்றது பிரதான வீதி. ஒரே வீதிக்கு ஐந்து பெயர்கள். நூறடிக்கு ஒருமுறை வளைந்ததால் அடுத்த பகுதிக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள் போலும் என்று சீராளன் நினைப்பதுண்டு. தஞ்சையின் ராஜவீதிகள் தேர் திரும்புவதற்காகப் போடப்பட்டவை. இங்கே தேர் இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானமும் இல்லை. இருபுறமும் மரச்சட்டமிட்ட வீடுகள் மேலே போகப்போக முன்னால் துருத்திக்கொண்டு, படிப்படியாய்க் கூம்பிய செங்கல் முகடுகளால் நிலவை மறைத்தன. வாசல்தோறும் இரும்புக் கொக்கியில் அடையாளப் பலகைகள் தொங்கின. ரொட்டிக்காரனுக்கு முறுக்குப் போல் முறுக்கிய ரொட்டி, செருப்புத் தைப்பவனுக்குப் பூட்ஸ். சந்தைச் சதுக்கத்து நீரூற்று உறைந்து, சொட்டும் வேளையிலேயே கல்லாகியிருந்தது. காய்கறிக்காரப் பெண்கள் உட்காரும் இடத்தில் வெறும் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. வேலிகளும் கொட்டகைகளும் கோட்டைத் தடுப்புக்காகப் பிடுங்கப்பட்டு, வரிசைப் பல்லில் விழுந்த ஓட்டைகள்போல் வீடுகளுக்கிடையே இருள் நின்றது. நடுவே பரிசுத்த ஆவி தேவாலயத்தின் கோபுரம். முற்றுகை முடியும்வரை மணி அடிக்கலாகாது என்று அதன் நாக்கைக் கட்டிக் கதவைப் பூட்டியிருந்தார்கள். ஊமையான அந்த மணியின் கீழேதான் சீராளன் ஒவ்வொரு நாளும் நடந்தான்.

வீதி மிகவும் வளையும் இடத்தில், தச்சனின் துளைக்கருவிக் கைப்பிடிபோல் வளைந்த பகுதி என்று அந்த ஊரார் சொல்லும் இடத்தில், பொன் பூசிய மரக் கையுறை ஒன்று தொங்கியது. அதுதான் அவன் தங்கியிருந்த வீடு.

கதவைத் திறந்த பெண்ணுக்குத் தலைமயிர் வைக்கோல் நிறம், கண்கள் கடல் நிறம். அவள் வாயைத் திறந்தாள் என்றால் தரங்கம்பாடி மீன்சந்தையே பேசும்.

"எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்கேன் தெரியுமா? அந்தத் தண்டல் குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும். ஒடம்பெல்லாம் மீன் எண்ண நாத்தம்."

"இந்தக் குளுருல குளிச்சா என்னைப் பொதைக்கக்கூடப் பள்ளம் வெட்ட முடியாது, மரேனம்மா," என்றான் மாசிலாமணி.

அவள் பெயர் மரேன். தரங்கம்பாடிக் கோட்டையில் பிறந்தவள். பதினொரு வயதில், தாயுடன் கடைசிக் கப்பலில் ஏறி வந்தாள். தாய் இறந்தாள். கையுறைத் தொழில் இவள் கைக்கு வந்தது. தந்தையோ அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவராய் இன்னும் கோட்டையில் இருந்தார். வேறு கப்பல் வராததால் தமிழும் அவளுடைய பதினொரு வயதிலேயே நின்றுபோயிருந்தது.

மேல்மாடத்தில் அவள் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அகல் கிடைக்காத ஊரில் எட்டுச் சிப்பிகள், நடுவில் வைக்கப் பெரிய சிப்பி ஒன்று. ஆளிவிதை எண்ணெய், முற்றுகையில் அது எத்தனை அரிது என்பதைச் சீராளன் அறிவான். திரிக்கு அவனுடைய பழைய வேட்டியின் கரை.

"கோட்டைக்கு வெளியே தெரியும் சன்னலில் விளக்கு வைக்கக்கூடாது என்று ஆணை இருக்கிறதே, அம்மணி," என்றான் சீராளன்.

"இது பின்பக்கத்துச் சன்னல். தெருவுல நின்னா தெரியாது. வெளியேருந்து பாத்தா எதிர்ல பண்டசாலைக் கூரைதான் மறைச்சிட்டு நிக்குது. எனக்கு இந்த வீடு தெரியாதா?"

அவன் எட்டிப் பார்த்தான். மூடுபனி. கரிய உருவம் ஒன்று எதிரே நின்றது. அவன் விளக்கேற்றினான்.

ஒன்பது சுடர்களும் நிமிர்ந்தன. மரேன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கடற்கரைக் கோயில் மதிலில் வரிசையாய் எரிந்த விளக்குகளைப் பார்க்கும் சிறுமிபோல் உட்கார்ந்திருந்தாள். சீராளன் மடியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"கொண்டுவந்ததில் கடைசி. வெற்றிலை இல்லாமல் தருவது மரியாதை இல்லைதான்."

அவள் அதை முகர்ந்தாள். "அப்பா ஒரு தடவ என்னைத் தஞ்சாவூர் அரமனைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ராசா வெள்ளித் தட்டுல வெத்தல பாக்கு வச்சுகிட்டு, சபையில எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தாரு. யாரும் மூச்சு விடல. ஒருத்தரு மட்டும் எந்திரிச்சு வந்து எடுத்துகிட்டாரு. நான் அவருக்கு ரொம்பப் பசி போலன்னு நெனச்சேன்."

"அதை எடுத்தவர் அந்தக் காரியத்தை ஏற்றவர் என்று பொருள். முடித்தால் திரும்புவார். முடியாவிட்டால் திரும்பமாட்டார்."

"திரும்பினாரா?"

சீராளன் பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. எதிரே கரியதாய் நின்றது கூரையல்ல, அதன் எலும்புக்கூடு. மரத்துக்காகப் பலகைகளை யாரோ பிடுங்கிப் போயிருந்தார்கள். விட்டங்களின் இடைவெளி வழியே மேற்குக் கொத்தளமும், அதற்கப்பால் பனிவெளியும், அதற்கப்பால் குன்றும் நிலவில் தெளிவாகத் தெரிந்தன. குன்றின்மேல் மூன்று தீப்பந்தங்கள் மெதுவாக உயர்ந்து, தாழ்ந்து, மறுபடி உயர்ந்தன.

யாரோ அவர்களுடைய விளக்குகளுக்குப் பதில் சொன்னார்கள்.

மரேன் ஒரே மூச்சில் ஒன்பதையும் அணைத்தாள். சிப்பிகளைக் கவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டாள். கீழே கதவு இடிபடும் ஓசை கேட்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

நான்கு காவலரும் அவர்களுக்குப் பின்னே லாரிட்ஸும் மாடியேறி வந்தார்கள். எப்போதும் சிரிக்கும் அவன் முகத்தில் இன்று சிரிப்பு இல்லை.

"விளக்கு ஏற்றியவன் நான்," என்றான் சீராளன் டேனிஷ் மொழியில்.

"அவர் தம் பிரார்த்தனையைத்தான் சொல்கிறார், நம் மொழி அவருக்குச் சரியாக வராது," என்றாள் மரேன் காவலரிடம், அமைதியாக. "இது என் வீடு. ஏற்றியவள் நான்." பிறகு அவன் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னாள். "வாயை மூடுங்கய்யா. தூதரு மேல கைபட்டுதுன்னு தஞ்சாவூருக்குத் தெரிஞ்சா கோட்டையில இருக்குற இருபத்திரெண்டு தலையும் உருளும். அதுல ஒண்ணு எங்கப்பாவோடது."

படியில் இறங்கும்போது அவளுடைய மடியிலிருந்து ஒரு சிப்பி விழுந்து உருண்டது. லாரிட்ஸ் அதைக் குனிந்து எடுத்து, உற்றுப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் நடுப்பகலில், சந்தைச் சதுக்கத்து நகரமன்றத்தில் விசாரணை நடந்தது. கோட்டைத் தளபதி எஸ்பென் முதியவர். நான்கு மாதமாகப் படுக்கையில் சரியாகப் படுக்காத மனிதரின் கண்கள் அவருக்கு. வெளியே வீதிக்காரர்கள் கூடி நின்றார்கள். நேற்றுவரை கையுறைக்கு அளவு கொடுத்தவர்கள் இன்று அவளுக்குக் கயிறு கேட்டார்கள்.

"நான் வழக்கம்போல் வீதியில் சுற்றுக்காவல் வந்தேன், பிரபு," என்றான் லாரிட்ஸ். "கையுறை வீட்டு மேல்மாடத்தில் ஒன்பது விளக்குகள் வரிசையாக எரிந்தன. எட்டும் சிறியவை. நடுவில் இருந்தது பெரியது. அந்தக் கணமே குன்றிலிருந்து பகைவரின் பதில் வந்ததைக் கொத்தளத்துக் காவலர் கண்டிருக்கிறார்கள். இதைச் சொல்வது எனக்கு மகிழ்ச்சி அல்ல. அவள் என் அண்டை வீட்டுக்காரி."

சீராளன் எழுந்து, ஏற்றியவன் தானே என்றான். பண்டிகையைச் சொன்னான். தளபதி பொறுமையாகக் கேட்டார்.

"தானாபதி அவர்களே, ஒரு பெண்ணைக் காக்கத் தாங்கள் பேசுவது தங்கள் குலத்துக்கு ஏற்றது. விளக்கு பக்திக்காகவே எரிந்திருக்கட்டும். பகைவன் ஏன் பதில் சொன்னான்? பதில் சொன்னான் என்றால் அவன் எதிர்பார்த்திருந்தான். இந்த வீதியிலிருந்து யாரோ பல நாளாக அவனோடு பேசுகிறார்கள். அது யார் என்று இன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கதிரவன் மறைவதற்குள் சதுக்கத்தில் தண்டனை நிறைவேறும்."

மரேன் கைகள் பிணைக்கப்பட்டு நின்றாள். அவள் தளபதியைப் பார்க்கவில்லை. சன்னல் வழியே, எத்தனை வெளிச்சம் மீதமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீராளனின் மனத்தில் ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. எட்டுச் சிறியவை, நடுவில் பெரியது. காவலர் மேலே வந்தபோது விளக்குகள் அணைந்து, சிப்பிகள் மடியில் இருந்தன. வரிசையை, அது எரியும்போது, கண்ணால் கண்டவன்தான் அப்படிச் சொல்ல முடியும். எங்கே நின்று கண்டான்? தெருவுல நின்னா தெரியாது என்றாளே மரேன். எனக்கு இந்த வீடு தெரியாதா என்றாளே.

அவன் மாசிலாமணியின் காதில் சில வார்த்தை சொன்னான். தண்டல் கண்ணை அகலத் திறந்தான். "அதான் புறாவா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான்.

"பிரபு," என்றான் சீராளன். "நான் கேட்பது உயிர்ப்பிச்சை அல்ல. ஒரு நடை. கிழக்கு வாயிலிலிருந்து மேற்கு வாயில்வரை இந்த வீதி நெடுகத் தாங்கள் என்னோடு நடக்க வேண்டும். காவற்படைத் தலைவரும் வரட்டும். விளக்கு இருந்த சன்னலில் இந்தப் பெண்ணின் சிவப்புச் சால்வையைத் தொங்கவிடச் சொல்கிறேன். அது எந்த இடத்தில் தங்கள் கண்ணில் படுகிறதோ, அந்த இடத்திலேயே என் வாயை மூடிக்கொள்கிறேன்."

லாரிட்ஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு கணம் தாமதமாக வந்ததைச் சீராளன் கவனித்தான்.

"நடப்போம்," என்றார் தளபதி.

அந்த ஊர்வலத்தை என்னவென்று சொல்வது? தேர் இல்லாத அந்த வீதியில் அன்றைக்கு ஓர் உயிரே தேராயிற்று. முன்னால் முதிய தளபதி, அருகே தலைப்பாகையுடன் அயல்நாட்டுத் தூதன், பின்னால் லாரிட்ஸ், அதற்கும் பின்னால் கயிற்றோடு மரேன், அப்புறம் ஊர். கிழக்கு வாயிலருகே தளபதி நின்று பார்த்தார். முகடுகள்தான் தெரிந்தன. கிழக்குப் பக்கத்துக் காய்கறிச் சந்தையில் நின்றார். ஒன்றும் இல்லை. தேவாலயத்து மதிலோரம் நின்றார். வீதி வளைந்து, அந்த வீட்டின் முகத்தை மட்டும் காட்டியது. கையுறைப் பலகைக்கு நேர்கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்தார். துருத்திய மாடம் வானத்தை மறைத்தது. ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் சற்றுக் குறைந்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் கூட்டத்தின் இரைச்சலும் சற்றுக் குறைந்தது.

"கொல்லைப்புறமாகப் போனபோது பார்த்திருக்கலாம்," என்றான் லாரிட்ஸ்.

"வீதியில் என்று சொன்னீர்," என்றார் தளபதி, திரும்பாமல்.

கொல்லைக்கும் போனார்கள். பண்டசாலைச் சுவர் ஓங்கி நின்றது. அதன் அடியில் நின்றவனுக்குச் சன்னலின் மேல்விளிம்புகூடத் தெரியவில்லை. மறுபடி வீதிக்கு வந்து, சதுக்கத்தைக் கடந்து, மேற்கு வாயிலை அடைந்தபோது சூரியன் குன்றைத் தொட்டிருந்தது. கொத்தளத்தின் கீழே நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வளைந்து வளைந்து வந்த வீதியில் சிவப்பு என்பதே இல்லை.

"அப்படியானால் எங்கிருந்துதான் தெரியும்?" என்றார் தளபதி.

"மேலே பாருங்கள், பிரபு."

கூரைகளுக்கு மேல் தனித்து நின்ற தேவாலயக் கோபுரத்தின் உச்சியில், கட்டிப்போட்ட மணிக்குப் பக்கத்தில் ஒரு சிறு உருவம் நின்றது. தண்டல் மாசிலாமணி. முண்டாசை அவிழ்த்துச் சுழற்றினான். சால்வை அவன் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கு அது அடையாளம். மறுகையால் இன்னொன்றைத் தூக்கிக் காட்டினான். ஒரு பக்கம் மட்டும் கதவு வைத்த பெரிய விளக்குக்கூண்டு. அவனைச் சுற்றிலும், கோபன்ஹேகனில் எஞ்சியிருந்த கடைசிப் புறாக்கள் கலைந்து வட்டமிட்டன.

"கோபுரம் பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம்?" என்றார் தளபதி. அவர் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"தண்டல் பூட்டை உடைத்திருப்பான், அவனை மன்னிக்க வேண்டும்," என்றான் சீராளன். "சாவி இந்த வீதியின் காவற்படைத் தலைவரிடம். நேற்றுத் தம் விளக்கை ஏற்ற மேலே போனவர், தமக்கு முன்பே ஒன்பது விளக்குகள் எரிவதைக் கண்டார். பகைவன் குழம்பிப் பதில் காட்டியதையும் கண்டார். கொத்தளக் காவலரும் அதைப் பார்த்துவிட்டார்கள். யார் கழுத்திலாவது கயிறு விழுந்தாக வேண்டும். தம் கழுத்துக்கு முன்னால் இவள் கழுத்து கைக்கு எட்டியது. தம் விளக்கைக் குன்றுக்கு மறைத்த பண்டசாலைக் கூரைப் பலகையை மூன்று நாளைக்கு முன் பிடுங்கச் சொன்னவர் யார் என்றும் கேளுங்கள்."

ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. லாரிட்ஸ் அதற்குள் கொத்தளத்துப் படிகளில் இருந்தான். மேலே நின்ற காவலர் அவனுடைய ஆட்கள். தலைவன் ஓடிவருகிறான் என்று வழிவிட்டார்கள். மதிலின் விளிம்பில் ஒரு கணம் திரும்பினான். அப்போதும் அந்த முகம் அண்டை வீட்டுக்காரனின் முகமாகவே இருந்தது.

"குளிர்கிறது, வீட்டுக்குப் போங்கள்," என்று சொல்லிவிட்டுச் சரிவில் குதித்தான்.

துப்பாக்கிகள் முழங்கியபோது அவன் பனியின்மேல் ஓடிக்கொண்டிருந்தான். திறந்த தண்ணீர் பன்னிரண்டு முழம். அவன் நேராக ஓடவில்லை. சற்று இடப்பக்கம் ஒதுங்கி, ஓரிடத்தில் எவ்வித் தாண்டினான். அங்கே வாய் குறுகியிருந்தது. அவனே குறுகவிட்ட இடம். வெண்பனிவெளியில் அவன் உருவம் சிறுத்துப்போக, வெறும் பனி என்று எல்லோரும் நினைத்த இடத்தில் பனி எழுந்து நின்றது. வெள்ளைச் சட்டை போர்த்த வீரர்கள். பத்து, நூறு. எண்ணுவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

நிலவு இன்னும் எழவில்லை. தளபதி பனிவெளியைக் கண்ணால் அளந்தார்.

"நீளமான பலகை ஒன்று போதும் அவர்களுக்கு," என்றார். "நிலவு வந்ததும் வருவார்கள். அதற்குள் அந்த இடத்தை அறுத்து அகலப்படுத்த வேண்டும். துப்பாக்கிக்கு எட்டும் தூரம். யாரையும் போ என்று ஆணையிட எனக்கு நா எழவில்லை. யார் போகிறீர்கள்?"

பிரதான வீதி முழுவதும் அங்கே நின்றது. ரொட்டிக்காரன் தரையைப் பார்த்தான். செருப்புத் தைப்பவன் மனைவியைப் பார்த்தான்.

மரேனின் கட்டை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கயிற்றின் தடம் சிவந்த கையால் இடுப்புப் பையைத் துழாவினாள். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து நீட்டி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். வெள்ளித் தட்டு இல்லை. வெற்றிலை இல்லை. ஒற்றைக் கொட்டைப்பாக்கு. அது என்ன என்று அங்கே நின்றவர்களில் அறிந்தவர் இருவரே.

"தானாபதி அவர்களே," என்றார் தளபதி, சீராளன் நகர்வதைக் கண்டு. "தங்கள் கப்பல் நாளை புறப்படுகிறது. எம் அரசரின் பதில் தங்களிடம் இருக்கிறது. இங்கே தங்களுக்குக் கடமை ஏதும் இல்லை."

"இருக்கிறது, பிரபு. நேற்று அந்த இடம் குறுகியிருக்கிறது என்று என் தண்டல் சொன்னான். விளக்கேற்றும் அவசரத்தில் ரம்பத்தைக் கீழே வைத்தவன் நான்."

அவன் மரேனின் முன்னே நின்று, வலக்கையால் அந்தப் பாக்கை எடுத்தான். இடுப்பிலிருந்த பாக்குவெட்டியால் அதை இரண்டாய்ப் பிளந்து, ஒரு பாதியை அவள் கையில் திரும்ப வைத்தான்.

"அடுத்த கார்த்திகைக்கு நீ தரங்கம்பாடியில், உன் தந்தையின் வீட்டு வாசலில் விளக்கு வைப்பாய். நான் கூட நிற்பேன். அதுவரை இந்தப் பாதியை வாயில் இடமாட்டேன். இது என் மன்னர்மேல் ஆணை."

அம்மணி என்றே அழைத்துவந்தவன் அன்றைக்குத்தான் அவளை நீ என்றான். அவளும் அதைக் கவனித்தாள்.

"வரலைன்னா?"

"வராவிட்டால் ஓலையை நீ எடுத்துப் போ."

"ஓலைய எடுத்துட்டுப் போறேன்," என்றாள் மரேன். "ஆனா எம் பாதிப் பாக்கை தின்னுருவேன். எனக்குப் பாக்குன்னா ரொம்பப் பிடிக்கும். அதனால வந்துருங்க."

கோபுரத்திலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்த மாசிலாமணி, இருவர் இழுக்கும் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "இப்பவாச்சும் அறுக்க விடுவாங்களா, இல்ல, இன்னிக்கும் நாளைக்குத்தானா? புடிங்கய்யா அந்தப் பக்கத்த."

இருவரும் பனியில் இறங்கினார்கள். பிறகு பின்னால் ஒரு காலடி, இன்னொன்று. ரொட்டிக்காரன் ஒரு ரம்பத்தோடு வந்துகொண்டிருந்தான்.

முதல் இழுப்பில் பனி முனகியது. கூரைகளின் பின்னாலிருந்து, விளிம்பு தேய்ந்த நிலவு மெல்லத் தலைநீட்டியது. எதிர்ப்புறத்தில் வெள்ளை உருவங்கள் நீளமான எதையோ தோளில் சுமந்து, ஓசையின்றி நடந்து வந்தன.